எப்போது ஒழுகுகிறது?

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ஏ23 வீதி, சுமார் 27 கிலோமீற்றருக்குள் வண்டியை 800 மீற்றருக்கு மேல் தூக்கிவிடுகிறது. வெல்லவாயவின் வெயில் இராவணா எல்ல நீர்வீழ்ச்சி வருவதற்குள் தணிந்து, எல்லவில் மூடுபனியாகிவிடும். புதிய கார்கள் இந்த ஏற்றத்தை உணர்வதே இல்லை. எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1000 ஒவ்வொரு மீற்றரையும் உணர்ந்து ஏறும். 1959ஆம் ஆண்டு வண்டி அது. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த தாத்தா வாங்கியது.

ஒருமுறை நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலே, வீதியோரச் சரிவில் வண்டியை நிறுத்தினோம். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் 'ஒன்'னில் விட்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் பெற்றோல் வாடை மூக்கில் ஏறியது. பொனட்டைத் திறந்தால், கார்புரேட்டர் காற்றை இழுக்கும் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விழுந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தேன். சற்று நேரத்தில் சொட்டுவது நின்றது. வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு சொட்டும் இல்லை.

இதற்காக இரண்டு கராஜ்களுக்குப் போயிருந்தோம். ஓரிடத்தில் ஊசி வால்வை மாற்றினார்கள், இன்னோரிடத்தில் எல்லா வொஷர்களையும் மாற்றினார்கள். முற்றத்தில் சரியாக நின்ற வண்டி, மலையில் மறுபடி ஒழுகியது. கடைசியில் பதுளையில் வயதான ஒரு பாஸிடம் கொண்டுபோனோம். மலையகத்தில் கைவேலை தெரிந்தவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை.

"எங்க ஒழுகுதுன்னு பிறகு பாப்போம் தம்பி. எப்ப ஒழுகுது, அதச் சொல்லுங்க."

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த அத்தியாயம் பிறந்தது. கார்புரேட்டர் ஒழுகுவதற்குக் குறைந்தது ஐந்தாறு காரணங்கள் உண்டு. எல்லாமே வெளியே ஒரே ஈரமாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையைக் கண்டுகொண்டால் இயற்பியல் மீதியைச் சொல்லிவிடும்.

ஒரு மட்டத்தைக் காக்கும் பாத்திரம்

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே கார்புரேட்டரின் வேலை. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த அளவைக் கணினியும் மின்சாரமும் இல்லாமல், வெறும் பித்தளையையும் அலுமினியத்தையும் வைத்துக் காப்பதுதான் அதன் சாதனை.

மொரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம் அது. இங்கிலாந்தில் 'லில்லி அண்ட் ஸ்கின்னர்' என்ற பெயரில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்தின் பிள்ளைகள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. முதல் வடிவத்தில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் ஆன துருத்திதான் இருந்தது. காலணிக் குடும்பத்துக்குத் தோல் கைப்பழக்கம். 1926இல் வில்லியம் மொரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். அதனால்தான் மொரிஸ் கார்களிலெல்லாம் அதன் முகத்தைப் பார்க்கிறோம்.

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, குறுகிய வழியில் காற்று விரைந்து ஓடுகிறது. விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். 18ஆம் நூற்றாண்டில் டானியல் பெர்னூலி எழுதிவைத்த விதி இது. அந்தக் குறைந்த அழுத்தம், 'ஜெட்' எனப்படும் நுண்குழாயிலிருந்து பெற்றோலை மேலே இழுக்கிறது. எஞ்சின் உறிஞ்சாதபோது பெற்றோல் வெளியே வரக்கூடாது. அதற்கு ஒரே வழி, பெற்றோலின் மட்டம் எந்நேரமும் ஜெட்டின் விளிம்புக்குச் சில மில்லிமீற்றர் கீழேயே நிற்பது.

மட்டத்தைக் காப்பது பக்கத்தில் இருக்கும் மிதவைக் கிண்ணம். கராஜில் 'ப்ளோட் சேம்பர்' என்பார்கள். உள்ளே ஒரு பித்தளை மிதவை. பெற்றோல் ஏறினால் மிதவை ஏறி, கவைபோன்ற ஒரு நெம்புகோலைத் தூக்கும். நெம்புகோல் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். பெற்றோல் இறங்கினால் வழி திறக்கும். வீட்டுக் கூரைத் தண்ணீர்த் தாங்கியில் இருக்கும் பந்து வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. தாங்கி நிரம்பி வழிந்தால் நாம் குழாயைக் குறை சொல்வதில்லை, பந்தைத்தான் பார்ப்போம். கார்புரேட்டரிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கிண்ணமும் ஜெட்டும் அடியில் இணைந்த இரு பாத்திரங்கள். ஒன்றில் மட்டம் எங்கே நிற்கிறதோ மற்றதிலும் அங்கேயே நிற்கும். வண்டி சமதரையில் நிற்கும்வரை இந்த விதி நமக்கு நண்பன்.

சரிவின் கணக்கு

தெமோதரையில் ரயில் பாதை தன்னைத்தானே வளைத்துக்கொண்டு, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. மலையக ரயில் பாதையின் சரிவு 44க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது, அதாவது 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்பதற்காகவே அந்த வளையம் போடப்பட்டது. வீதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மலை வீதியில் 10க்கு 1 என்ற சரிவை யாரும் பெரிதாக எண்ணமாட்டார்கள்.

இப்போது கார்புரேட்டருக்கு வருவோம். கிண்ணத்தின் நடுவுக்கும் ஜெட்டுக்கும் இடையே 5 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ரயில் பாதையின் சரிவில் வண்டி நின்றால், ஒன்றைவிட மற்றது 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே உயரும். 10க்கு 1 சரிவில் அது 5 மில்லிமீற்றர். கிண்ணம் மேற்பக்கமாகவும் ஜெட் கீழ்ப்பக்கமாகவும் அமைந்துவிட்டால், பெற்றோல் ஜெட்டின் விளிம்பை நோக்கி அந்த 5 மில்லிமீற்றரும் ஏறிவிடும். நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டருக்கு இதைத் தாங்கும் இடைவெளி இருக்கும். மட்டம் ஏற்கெனவே 2 மில்லிமீற்றர் உயர்ந்துபோன கார்புரேட்டருக்கு இருக்காது.

பாஸ் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி இதுதான்: சரிவில் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தீர்களா? பார்த்திருக்கவில்லை. கராஜுக்கு முன்னால் இருந்த ஏற்றத்திலேயே பார்த்தோம். ஒரு திசையில் நிறுத்தினால் சொட்டியது. திருப்பி நிறுத்தினால் நின்றது. உடைந்த குழாயும் தளர்ந்த வொஷரும் திசை பார்த்து ஒழுகமாட்டா. மட்டம்தான் திசை பார்க்கும்.

பம்பின் பேச்சு

பழைய மொரிஸ் மைனரில் பெற்றோலைத் தள்ளுவது எஸ்.யு. மின்பம்ப். தாங்கி வண்டியின் பின்னால் தாழ்வாக இருப்பதால் பெற்றோல் தானாக ஏறி வராது. பம்ப் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். சாவியை 'ஒன்' செய்ததும் வேகமாக டிக்கடிக்கும். கிண்ணம் நிரம்பி ஊசி அடைத்ததும் தள்ள இடமில்லாமல் அமைதியாகிவிடும்.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிக் கேளுங்கள். சில நொடிகளில் அமைதியானால் மட்டம் அந்த நிலையில் நிற்கிறது. விட்டு விட்டு 'டிக்' கேட்டுக்கொண்டே இருந்தால், பெற்றோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பம்பின் சொந்த வால்வு பின்னால் கசிகிறது. எங்கள் வண்டி சமதரையில் அமைதியானது. அந்த ஏற்றத்தில் அமைதியாகவே இல்லை. காதால் செய்த இந்த ஒரு சோதனைக்கு ஒரு வொஷர்கூடச் செலவில்லை.

சாவியை அணைத்ததும் சொட்டு நின்றதன் காரணமும் இதில் இருக்கிறது. பம்ப் நின்றால் கிண்ணத்தில் மிஞ்சியது மட்டுமே வழியும், பிறகு தீர்ந்துவிடும். தாங்கி கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கும் வண்டிகளில் நிலைமை வேறு. மோட்டார் சைக்கிளும், பொனட்டுக்கு அடியிலேயே தாங்கி இருந்த 1920களின் ஆஸ்டின் செவனும் அப்படிப்பட்டவை. அவற்றில் ஊசி அடைக்காவிட்டால் தாங்கி காலியாகும்வரை ஒழுகும். இரவில் பெற்றோல் 'டெப்'பை மூடச் சொல்வது அதற்காகத்தான்.

ஐந்து கிராம் அழுத்தம்

ஊசி வால்வின் துளை சுமார் 2.5 மில்லிமீற்றர் அகலம் என்று கொண்டால், அதன் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மில்லிமீற்றர். அந்தக் கால எஸ்.யு. பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒன்றரை இறாத்தல் அளவு. இரண்டையும் பெருக்கினால், பெற்றோல் ஊசியைத் தள்ளும் விசை வெறும் 5 கிராம் எடை. ஒரு தேக்கரண்டி சீனியின் பாரம். மிதவை இதை எளிதாக எதிர்த்து நிற்கும்.

பழைய பம்ப் செத்துவிட்டதென்று, நான்கைந்து இறாத்தல் அழுத்தம் தரும் புதிய பம்பைப் பூட்டுகிறவர்கள் உண்டு. அப்போது ஊசியைத் தள்ளும் விசை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அதை அடைக்க மிதவை இன்னும் ஆழமாக அமிழ வேண்டும், அதற்கு மட்டம் இன்னும் உயர வேண்டும். புதிய பம்ப் போட்ட நாளிலிருந்து ஒழுகுகிறது என்றால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். பம்பை மாற்றுங்கள், அல்லது அழுத்தம் குறைக்கும் கருவி ஒன்றை இடையில் பூட்டுங்கள்.

பல மாதம் நின்ற வண்டி எடுத்ததும் ஒழுகினால் அது இன்னொரு கதை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை இலங்கையில் யாரும் மறக்கவில்லை. ஜூன் மாத முடிவில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபா ஆனது, ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. பல வண்டிகள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. நிற்கும் பெற்றோல் காற்றோடு வினைபுரிந்து பசைபோன்ற படிவாகும். அது ஊசியின் கூம்பில் ஒட்டிக்கொண்டால் ஊசி சரியாக உட்காராது. தாங்கியில் படிந்த துருத் துகளும் அதையே செய்யும். இவற்றுக்குச் சுத்தம் செய்வதும் வடிகட்டி பூட்டுவதுமே மருந்து.

நின்ற வண்டியில் இன்னொன்றும் காயும். எஸ்.யு.வின் பழைய எச் வகையில் ஜெட்டைச் சுற்றி அடைப்பது தக்கை வளையங்கள். தக்கை ஒரு மரத்தின் பட்டை. 1665இல் ரொபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயரிட்டது தக்கையின் அறைகளுக்குத்தான். அந்த நுண்ணறைகள் நிறையக் காற்று இருப்பதால் தக்கை நன்றாக அமுங்கி அடைக்கும். காய்ந்தால் சுருங்கி, ஜெட்டின் அடியில் சொட்டும். புதிய தக்கையை எண்ணெயில் ஊறவைத்த பிறகே பூட்ட வேண்டும். இந்தக் கசிவுக்குச் சரிவும் தெரியாது, சாவியும் தெரியாது. கிண்ணத்தில் பெற்றோல் இருக்கும்வரை சொட்டும்.

ஏற்றம் ஏறி நிறுத்திய பிறகு மட்டும் ஒழுகினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். எஞ்சின் நின்றதும் காற்றோட்டம் நின்று பொனட்டுக்குள் சூடு ஏறும். பெற்றோல் பல பொருள்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 பாகைக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 1041 மீற்றர் உயரத்தில் இருக்கும் எல்லவில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கொதிப்பு இன்னும் சற்று முன்னதாகவே தொடங்கும். கொதித்துப் பொங்கும் பெற்றோல் ஜெட் வழியே வழியும். வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒழுகாமலே பெற்றோல் வாடை வருவதும் மலையில் உண்டு. எல்லவில் காற்று அடர்த்தி குறைவதால், சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் ஏறத்தாழ 5 சதவீதம் அதிகப் பெற்றோலைக் கலக்கும். கறுப்புப் புகையும் வாடையும் அதன் அடையாளம். அதைக் கசிவென்று நினைத்துக் கழற்றினால் நல்ல கார்புரேட்டர் கெட்டுப்போகும்.

மிதவைக்குள் புகுந்த பெற்றோல்

எங்கள் வண்டியின் நோய் இவற்றில் எதுவுமில்லை. பாஸ் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி, மிதவையை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு என் காதருகே குலுக்கினார். இளநீர்க் காயைக் குலுக்கியதுபோல் உள்ளே 'களக்' என்றது.

பித்தளை மிதவை என்பது உள்ளே காற்று மட்டும் இருக்கும் மூடிய டப்பா. பல வருட அதிர்வில், பற்றுவைத்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்து பெற்றோல் புகுந்திருக்கிறது. இங்கே ஆர்க்கிமிடீஸ் அழகாக வருகிறார். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்கும். மிதவைக்குள் 3 மில்லிலீற்றர் பெற்றோல் புகுந்தால், அது கூடுதலாக 3 மில்லிலீற்றர் பெற்றோலை விலக்கியாக வேண்டும். உள்ளே எவ்வளவு புகுந்ததோ அவ்வளவை வெளியே தள்ள வேண்டும் என்பதால், பெற்றோலின் அடர்த்திகூட இந்தக் கணக்கில் தேவைப்படாது. மிதவையின் விட்டம் நான்கரை சென்டிமீற்றர் என்றால், அது 2 மில்லிமீற்றர் கூடுதலாக அமிழும். ஊசி அடைக்கும்போது பெற்றோல் மட்டம் 2 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும்.

அந்த 2 மில்லிமீற்றரைச் சமதரை மறைத்துவைத்தது, மலை காட்டிக்கொடுத்தது. புதிய ஊசி ஏன் உதவவில்லை என்பதும் விளங்கியது. ஊசி சரியாகத்தான் அடைத்தது, அடைக்க வேண்டிய நேரத்தைச் சொல்லும் மிதவைதான் தாமதமாகச் சொன்னது.

பழுது பார்க்கும்போது

எதற்கும் முன் ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோல் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக் காத்திருக்கும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதால், தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். மொரிஸ் மைனரின் எஞ்சினில் கார்புரேட்டருக்கு அடியிலேயே புகை வெளியேறும் இரும்புக் குழாய் பழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒழுகும் வண்டியை 'வீடுவரை போய்விடலாம்' என்று ஓட்டாதீர்கள். பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாஸ் மிதவையைச் சுடுநீரில் அமுக்கினார். உள்ளே இருந்த காற்று விரிந்து, விளிம்பின் ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. அந்த இடத்தில் ஆணியால் கீறி அடையாளம் வைத்தார். இன்னொரு சிறு துளை போட்டுப் பெற்றோலை வடித்தார். இரண்டு நாள் வெயிலில் வைத்தார். மறுபடி சுடுநீரில் போட்டு, வாடை அறவே போனதை உறுதிசெய்த பிறகுதான் பற்றுவைக்கும் இரும்பை எடுத்தார். ஆவி மிஞ்சிய மிதவையில் சூடு வைப்பது கையில் குண்டை வைத்திருப்பதற்குச் சமம். பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்யவே வேண்டாம், புதிய மிதவை வாங்கிப் பூட்டுங்கள்.

பற்றுவைத்ததும் மிச்ச ஈயத்தை அரத்தால் ராவி எடுத்தார். ஒரு கிராம் ஈயம் கூடினாலும் மிதவை முக்கால் மில்லிமீற்றருக்கு மேல் அமிழும், நோய் வேறு வழியில் திரும்பி வரும்.

கடைசியாக நெம்புகோலின் அளவு. எச் வகை எஸ்.யு.வில், மூடியைத் தலைகீழாக வைத்து, 7/16 அங்குலத் தடிப்புள்ள கம்பியை மூடிக்கும் கவைக்கும் இடையே செருக வேண்டும். ஊசி அடைத்திருக்கும் நிலையில் கவை கம்பியைத் தொட்டபடி இருக்க வேண்டும். பாஸ் அதற்கு 7/16 ட்ரில் பிட்டின் தண்டைப் பயன்படுத்தினார். கவை ஒரு மயிரிழை உயர்ந்திருந்தது. விரலால் மெல்ல வளைத்துச் சரிசெய்தார்.

பழைய வண்டிகள் வாழும் நாடு

மொரிஸ் மைனர் 1948இல் பிறந்தது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். பிறந்த நாட்டில் அது பழம்பொருளான பிறகும் இலங்கையில் அன்றாட வண்டியாகவே ஓடியது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி சுருங்கியது, 1977இல்தான் கதவு திறந்தது. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை மறுபடி அடைபட்டது. புதியது வராத வருடங்களில் இருந்ததைக் காத்தவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் இருந்த பாஸ்மார்கள். எஸ்.யு. கார்புரேட்டரின் கையேட்டைப் பார்க்காமலே, அதன் இயற்பியலைக் காதாலும் விரலாலும் கற்றவர்கள். அந்த அறிவு எழுதப்படாமல் போய்விடக்கூடாது என்பதே எனக்குள்ள கவலை.

அவர்களிடமிருந்து நான் எழுதிவைத்தது இவ்வளவுதான். பொனட்டைத் திறக்கும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாவி 'ஒன்'னிலா அணைத்தபிறகா, எஞ்சின் சூடாகவா ஆறியா, சமதரையா சரிவா, சரிவென்றால் எந்தத் திசை, நேற்று ஓடியதா மாதக்கணக்கில் நின்றதா, கடைசியாக எதை மாற்றினீர்கள். இந்த ஆறு பதில்களும் சேர்ந்தால், பெரும்பாலும் கழற்ற வேண்டிய ஆணி ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

அடுத்த ஞாயிறு அதே வீதியில் ஏறினோம். நீர்வீழ்ச்சிக்கு மேலே, அதே சரிவில், அதே திசையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் 'ஒன்'னில் விட்டேன். பம்ப் மூன்று முறை டிக்கடித்தது. நான்காவதற்காகக் காத்திருந்தேன். கீழே விழும் தண்ணீரின் இரைச்சல் மட்டுமே கேட்டது.